திட்டத்தைப் படிவத்திலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக விரிவுரையாளராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பன்மைத்துவம், ஒப்புரவு, உள்வாங்கல் பற்றி மூன்றாண்டுத் திட்டம் தயாரிக்கும் குழுவுக்கு உங்களைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். ஆறு வாரத் தவணை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் திட்டங்கள் நான்கைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, எதை மாதிரியாக எடுப்பது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "சாதியைப் பற்றி எழுதலாமா, விட்டுவிடுவது நல்லதா?" உங்களை உறுத்துவது இந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. வாசலுக்குள் வந்த பிறகும் உள்ளே சேராமல் நிற்பவர்கள் யார், அதை வாய்விட்டுக் கேட்க முடியாத ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் காசில்லாமல் என்ன செய்வது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் அல்ல. 27 ஆண்டுகள் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள். அதில் அரைவாசிக்கு மேல் மாணவர் நலன்புரிக் கிளையில் கழிந்தது. விரிவுரை மண்டபத்துக்குள் நடப்பதை மாணவர் வாயால் கேட்டிருக்கிறேனே தவிர, அங்கே நின்று பார்த்ததில்லை. சட்டங்களைப் பற்றிச் சொல்வதும் அவற்றை வைத்துக் கோப்பு நகர்த்திய ஒருத்தியின் அறிவு. சட்டத்தரணியின் ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால் படிவங்களைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எந்தப் படிவத்தின் எந்த வரியில் ஒரு பிள்ளை பேனாவை நிறுத்தும் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்கிறேன். போர் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். நிதியுதவி விண்ணப்பம் ஒன்றோடு ஒரு முதலாம் ஆண்டு மாணவி என் மேசைக்கு முன்னால் நின்றாள். படிவத்தில் 'தந்தை' என்ற சொல்லுக்கு நேரே இரண்டு கட்டங்கள்: உயிருடன் உள்ளார், காலமாகிவிட்டார். இரண்டும் வெறுமையாக இருந்தன. மேல் மூலையில் 'முழுமையற்றது' என்று சிவப்பு மையில் எழுதி, ஏற்கெனவே ஒரு தடவை திருப்பிக் கொடுத்திருந்தோம். "ஏன் பிள்ளை நிரப்பவில்லை?" என்று கேட்டேன். "எதை நிரப்புவது மிஸ்?" என்றாள். 2009 மே மாதத்துக்குப் பிறகு தந்தையைக் காணவில்லை. முதலாவது கட்டத்தில் அடையாளமிட்டால் நாங்கள் வருமானச் சான்றிதழ் கேட்போம். இரண்டாவதில் அடையாளமிட்டால் மரணச் சான்றிதழ் கேட்போம். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தாய் ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். அவள் இரண்டையும் விட்டுவிட்டு, கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் மிகச் சிறிதாக 'தெரியாது' என்று எழுதி, அதையும் அழித்திருந்தாள். தாளைச் சரித்துப் பிடித்தபோதுதான் அந்தத் தடம் தெரிந்தது.

அந்தப் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று சேர எங்களுக்கு நாலைந்து ஆண்டுகள் பிடித்தன. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. அது யாருடைய வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அச்சடிப்பது ஒரு கிளை, வருமானம் சரிபார்ப்பது இன்னொரு கிளை, விதியைத் திருத்துவது என்றால் பேரவை. காணாமற்போனவர் பற்றிச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பிறகே, 'இணைக்க ஓர் ஆவணம் இருக்கிறது' என்ற துணிவில் கட்டம் சேர்ந்தது. அதற்கிடையில் எத்தனை பேர் படிவத்தைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை என்பதை நாங்கள் எண்ணவில்லை. திரும்பி வந்த படிவங்களுக்கு மட்டும்தான் எங்களிடம் பதிவேடு இருந்தது. உங்கள் திட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான யோசனை இதிலிருந்து வருவதுதான்: பிள்ளைகளை வகைவகையாகப் பிரித்து எண்ணுவதற்கு முன், அவர்கள் எந்த இடத்தில் விடுபடுகிறார்கள் என்பதை எண்ணுங்கள்.

இனி உங்கள் மாதிரிகளுக்கு வருகிறேன். நான்கில் ஏதாவது அமெரிக்கத் திட்டமாக இருந்தால், அது இன்னும் அந்த இணையத்தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே 2023 ஜூன் 29 இல் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்தில் கொள்வதை நிறுத்தியது. டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் அரச பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவம், ஒப்புரவு, உள்வாங்கலுக்கான அலுவலகங்கள் இருக்கக்கூடாது என்று சட்டமே வந்தது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி ஆணைகள் மத்திய அரசு மட்டத்தில் அதைத் தொடர்ந்தன. அங்கே யார் சரி என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நிர்வாகியாக எனக்கு அதில் தெரிவது ஒன்று. தனிப் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகத்தை ஒரே கடிதத்தில் மூடிவிடலாம். நிதியுதவிப் படிவத்துக்குள்ளும் பரீட்சை நேர அட்டவணைக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்ட மாற்றத்தை அவ்வளவு இலேசில் பிடுங்க முடியாது. தவிர, அந்தத் திட்டங்களின் அடுக்கு அவர்களுடைய சட்டத்திலிருந்தும் அவர்களுடைய வரலாற்றிலிருந்தும் வந்தது. 'இனம்' என்ற தலைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், தமிழர் பெரும்பான்மையாக இருக்கும் வளாகத்தில் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் அட்டவணை காட்டும்.

எங்களுக்கு எங்கள் வரலாறு இருக்கிறது. அதில் காயமும் இருக்கிறது. 1971 அனுமதியில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழி மூலத்துக்கு 227 போதும் என்று வைத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மொழிமூலத்துக்கேற்பப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தல், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு. யாழ்ப்பாணத்தில் அறுபது எழுபது வயதில் இருப்பவர்களிடம் 'ஒப்புரவு' என்று சொல்லிப் பாருங்கள். காதில் 'தரப்படுத்தல்' என்றுதான் விழும். உங்கள் மூதவையிலும் பேரவையிலும் அந்த நினைவோடு வளர்ந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறைசொல்லாதீர்கள், ஆனால் மற்றப் பக்கத்தையும் காட்டுங்கள். இப்போதைய முறையில் கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டப் பிள்ளைகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வருவதற்கு இந்தக் கதவும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்துக்கு அன்று அநீதியாகத் தெரிந்த ஒரு ஏற்பாட்டின் வாரிசு, இன்று வன்னிப் பிள்ளைக்கு ஏணி. இரண்டும் உண்மை. குழுவில் இதை முதல் கூட்டத்திலேயே பேசி வெளியே எடுத்துவிடுங்கள். பேசாவிட்டால் ஆறாவது கூட்டத்தில் வேறு பெயரில் கிளம்பும்.

இந்த அனுமதி முறையால் எங்கள் நிறுவனங்களுக்கு ஒரு சோம்பலும் வந்திருக்கிறது. நியாயம் செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வேலை, அது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியோடு முடிந்துவிட்டது, வந்தவர்கள் எல்லோரும் இனிச் சமம் என்ற எண்ணம். குறைந்த வெட்டுப்புள்ளியில் வந்த பிள்ளைக்கு முதல் அரையாண்டில் ஆங்கிலமூல விரிவுரையைப் பின்தொடர முடியாவிட்டால், "இது எதிர்பார்த்ததுதானே" என்று ஆசிரியர் அறையில் சொல்லப்படுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆங்கில முன்பயிற்சி வகுப்பு இருந்தது. அது மாலை 4.30 க்கு இருந்தது. கிளிநொச்சிக்கு பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கும், விடுதி கிடைக்காமல் தூரத்திலிருந்து வந்துபோகிறவர்களுக்கும் அந்த நேரத்தில் வகுப்பு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. குறிகட்டுவானிலிருந்து படகு பார்த்து நெடுந்தீவுக்குப் போகவேண்டிய பிள்ளையின் கதையைச் சொல்லத் தேவையில்லை.

சாதிக்கு வருகிறேன். எழுதுங்கள். 'சமூகப் பின்னணி' என்று பூசி மெழுகாமல் 'சாதி' என்ற சொல்லையே எழுதுங்கள். அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களைச் சொல்லும்போது இனம், மதம், மொழியோடு சாதியையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதற்கென்றே வந்தது. அந்தச் சட்டம் இருந்தும், மாவிட்டபுரத்தில் கோயில் வாசலைத் திறக்கச் சொல்லி 1968 இல் மக்கள் போராட வேண்டியிருந்தது. அதற்கும் நாற்பது ஆண்டுகள் முன்னரே பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்காக இந்த ஊர் சண்டை பிடித்திருக்கிறது. சட்டத்திலும் வரலாற்றிலும் இருக்கும் ஒரு சொல்லை ஒரு கல்வி நிறுவனத்தின் திட்டம் எழுதக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சம் யாருக்கு வசதியாக இருக்கிறது என்று யோசியுங்கள்.

ஆனால் படிவத்தில் சாதிக்கு ஒரு நிரல் போடாதீர்கள். இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. இந்தியாவில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாதிச் சான்றிதழ் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு காரணமும் கொடுப்பதற்கு ஒரு பயனும் இருக்கின்றன. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. கேட்டால் பிள்ளைக்கு அச்சம் மட்டுமே மிஞ்சும். பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் இந்த ஊர்க்காரர்தான். சாதியை நேரே கேட்காமல் அறிந்துகொள்ளும் எங்களுடைய மூன்று கேள்விகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. "எந்த ஊர்?" முதலாவது; அதில் குற்றமில்லை. "ஊரில் எவடம்?" இரண்டாவது, அதில் குரல் கொஞ்சம் இறங்கும். "எந்தக் கோயிலடி?" மூன்றாவது. மூன்றாவதற்குப் பதில் வந்த பிறகு சிலருக்குக் கதிரை காட்டப்படும், சிலருக்குக் காட்டப்படாது. புதுமுக மாணவர் பதிவு நாளில் எங்கள் கிளையில் ஒரு எழுதுவினைஞர் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டதை நான் பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, பதிவு மேசையில் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து, அதற்கு மேல் எதையும் கேட்கக்கூடாது என்று உதவிப் பதிவாளரின் கையெழுத்தோடு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தோம். மூன்று கேள்விகளும் உடனே செத்துப்போயின என்று சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் குறைந்தது.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. பாகுபாட்டு முறைப்பாட்டு நடைமுறையில் சாதியைப் பெயர் சொல்லிச் சேருங்கள். முறைப்பாட்டை ஏற்பவர் ஒரே பீடத்தைச் சேர்ந்தவராக இல்லாமல் பாருங்கள். வெளியில் வாடகை அறை எடுக்கும் பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்து வீட்டுக்காரர் பட்டியல் ஒன்றைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும். மூன்றாவது கேள்வி அந்த வாசல்களிலும் கேட்கப்படுகிறது. அப்படி ஒரு முறைப்பாடு வந்து விசாரித்து உறுதியானால், அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளையும் இதே இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் காணி உறுதி கேட்டால் பலரிடம் இருக்காது. அதைக் கேட்கும் படிவம் ஏன் கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பழைய படிவத்தில் இருந்ததால் புதியதிலும் இருக்கும். எனக்கு உறுதியில்லாத ஒன்றும் உண்டு. பெயரில்லாத கருத்துக்கணிப்பு வைத்து, சாதிப் பாகுபாட்டை அனுபவித்தீர்களா என்று கேட்கலாம் என்று ஒரு காலத்தில் வாதாடினேன். பதில் சொல்லத் துணிபவர்கள் ஏற்கெனவே அச்சம் குறைந்தவர்கள், மற்றவர்களின் மௌனத்தைப் 'பிரச்சினை இல்லை' என்று வாசித்துவிடுவார்கள் என்று ஒரு சக அலுவலர் சொன்னார். இன்றுவரை அவரை மறுக்க எனக்கு ஒரு வாதம் கிடைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் விடயத்தில் ஐயத்துக்கு இடம் குறைவு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. இருந்தும் சாய்தளம் என்று நாங்கள் கட்டுவதைப் பாருங்கள். ஒரு அலகு உயர்வுக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. 45 சென்ரிமீற்றர் உயர்ந்த திண்ணைக்கு 5.4 மீற்றர் வேண்டும். நான் அளந்து பார்த்த ஒன்று இரண்டு மீற்றரில் முடிந்திருந்தது. அதில் சக்கர நாற்காலி ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்க நான்கு பேர் பிடிக்க வேண்டும். மழை நாளில் நடப்பவர்களே வழுக்கி விழுந்தார்கள். திறப்பு விழாப் படத்தில் மட்டும் அழகாக இருந்தது.

சீமெந்து தேவைப்படாத ஒரு தடையையும் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒரு திட்டத்திலும் நான் கண்டதில்லை. எங்கள் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் சாகவில்லை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான், யூனிக்கோடில் இருக்கும் தமிழை வாசித்துச் சொல்லும். பாமினியில் 'தமிழ்' என்று தட்டிய சொல்லை அது "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். கைதடி நஃபீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் படித்து, உயர்தரம் சித்தியடைந்து, விசேட அனுமதியோடு வளாகத்துக்கு வரும் ஒரு பிள்ளை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பரீட்சை அறிவித்தலைத் திறந்தால் கேட்பது அதுதான். ஒரு மாணவன் எனக்கு அதைப் போட்டுக் காட்டினான். ஒரு பக்க அறிவித்தலில் அரைவாசி கேட்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது. அவன் சிரித்துக்கொண்டு, "இதைத்தான் மிஸ் நான் மூன்று மாதமாகப் படிக்கிறேன்" என்றான். எல்லா அறிவித்தலும் யூனிக்கோடில், வருடிய படமாக அல்லாமல் எழுத்தாக வெளிவர வேண்டும் என்று ஒரு உள்ளகச் சுற்றுநிருபம் போதும். பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் மூன்றாண்டுத் திட்டத்தில் முதல் மாதத்திலேயே முடித்துக் காட்டக்கூடிய வேலை இதுதான்.

பெண்கள் பகுதியை உங்கள் குழு வேகமாகக் கடந்துவிடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் எண்ணிக்கையில் அவர்களே கூடுதல். எண்ணிக்கையால் ஏமாறாதீர்கள். நூலகம் இரவு எட்டு மணிக்கு மூடினாலும், விடுதி வாசல் ஆறரைக்கு அடைக்கப்பட்டால் அவர்களுக்கு நூலகம் ஆறரைக்கே மூடுகிறது. பகிடிவதைக்கு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. புள்ளி போடுகிறவரிடமே போய் முறையிட வேண்டிய நிலை இருக்கும்வரை இவை தாளில் இருக்கும். முறைப்பாடு வந்த திகதி, முதல் பதில் கொடுத்த திகதி, முடித்த திகதி ஆகிய மூன்றையும் பேரவைக்கு ஆண்டுக்கு இரு தடவை சமர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், திகதிகள் போதும்.

சிங்கள, முஸ்லிம் மாணவர் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எங்களைச் சிறுபான்மை என்று நினைத்தே பழகியவர்கள். வளாக வாசலுக்குள் பெரும்பான்மையாக இருப்பது நாங்கள்தான் என்பது மனதில் ஏறுவதில்லை. 2016 ஜூலை 16 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில், சிங்களவரின் கண்டிய நடனம் சேர்ப்பது தொடர்பான இழுபறி மாணவர் மோதலாக முடிந்தது. யார் தொடங்கியது என்று இன்றும் வாதிடுவார்கள். வரவேற்பு ஊர்வலத்தில் எது போகும் என்பதை முன்கூட்டியே இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்க ஒரு நிலையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே அதில் நான் படித்த பாடம். முஸ்லிம் மாணவருக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் பரீட்சை வைக்காமல் இருப்பது நேர அட்டவணை போடுகிறவரின் ஐந்து நிமிட வேலை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது உயர்கல்விக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், குடும்பம் இடம்பெயர்ந்து போன புத்தளத்து முகவரியோடு உங்கள் வாசலில் நின்றால் "எந்த ஊர்?" என்ற கேள்விகூட அவருக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு நாள் விழிப்புணர்வுப் பட்டறை வைத்துவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அலெக்சாண்ட்ரா காலேவ், ஃபிராங்க் டொபின், எரின் கெல்லி என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில் உதவும். பயிற்சிப் பட்டறைகளால் வந்த பயன் மிகக் குறைவு. ஒருவரிடமோ ஒரு குழுவிடமோ பொறுப்பை ஒப்படைத்த இடங்களில்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. அது வேறு நாடு, வேலைத்தலங்கள், முகாமைப் பதவிகள் பற்றிய ஆய்வு. எங்கள் மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் என் 27 ஆண்டுகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. பட்டறையில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் பின்வரிசை காலியாகும். திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரே பதவிப் பெயர், திகதி, செலவுத் தலைப்பு என்ற மூன்று நிரல் வையுங்கள். மூன்றில் ஒன்றை நிரப்ப முடியாவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். உங்கள் வரைவு நாற்பது பக்கத்திலிருந்து ஆறு பக்கமாகும், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

ஆறு வாரத்தை நானாக இருந்தால் இப்படிச் செலவழிப்பேன். முதல் இரண்டு வாரமும் ஒன்றும் எழுதமாட்டேன். நிறுவனத்தில் ஒரு மாணவர் நிரப்ப வேண்டிய படிவங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வரை அழைத்து, எந்த வரியில் நின்றீர்கள் என்று கேட்பேன். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும் மலசலகூடத்துக்கும் ஒரு சக்கர நாற்காலியோடு நடந்து பார்ப்பேன். அடுத்த இரண்டு வாரம் பரீட்சைக் கிளையிலும் நலன்புரிக் கிளையிலும் இருக்கும் பதிவேடுகள்: பதிவுசெய்தவர்கள், முதலாம் ஆண்டுப் பரீட்சைக்கு அமர்ந்தவர்கள், மஹாபொல புலமைப்பரிசிலோ வேறு உதவியோ பெறத் தகுதி இருந்தும் பெறாதவர்கள், இடையில் நின்றவர்கள். மாவட்டம், பால்நிலை, உயர்தரத் துறை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை அச்சிடாதீர்கள். முல்லைத்தீவிலிருந்து வந்த மூன்று மாணவிகள் என்று எழுதினால் எல்லோருக்கும் அவர்கள் யார் என்று தெரிந்துவிடும். கடைசி இரண்டு வாரத்தில் அந்த ஆறு பக்கத்தை எழுதுங்கள். வெளிநாட்டு மாதிரிகள் நான்கையும் அதற்குப் பிறகு திறந்து, ஏதாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கலாம்.

படிவங்களைச் சேர்த்த பிறகு, நிரப்பாத வெற்றுப் பிரதிகளாக இங்கேயே போடுங்கள். கண் இன்னும் தெரிகிறது, ஓய்வும் இருக்கிறது. நிதியுதவிப் படிவத்தை முதலில் போடுங்கள். தந்தை என்ற வரிக்கு நேரே எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.